வாத்தியார் பதில்கள்: போகிற பந்தைப் போகவிடு

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கிரிக்கெட். அதிலும் முக்கால்வாசி, முதலில் இறங்கி ஆடுகிற பையன்களைப் பற்றி. மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிட்டால் நம் கடற்கரையில் வேறு பேச்சு ஏது? வழக்கம்போல் ஊரை மட்டும் போட்டிருக்கிறேன், பெயரை விட்டுவிட்டேன். புதிதாகப் படிப்பவர்களுக்காக ஒரு வரி: நான் உடற்கல்வி ஆசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். மாவட்ட லீகில் பதினேழு சீசன் முதல் ஓவரில் நின்றவன். வீடு மண்டபத்தில். வடக்கே நடந்தாலும் கடல், தெற்கே நடந்தாலும் கடல்.

மண்டபத்திலிருந்து ஒரு தந்தை: வாத்தியார் அய்யா, எனக்குச் சொந்தமாக ஒரு விசைப்படகு இருக்கிறது. மகனுக்கு வயது 19. ராமநாதபுரத்தில் பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கிறான். மாவட்ட லீகில் முதலில் இறங்கி ஆடுகிறான். போன சீசனில் ஒரு சதம் அடித்தான். இப்போது சென்னையில் நான்காம் டிவிஷன் கிளப் ஒன்று கூப்பிடுகிறது. சம்பளம் கிடையாது, தங்க இடம் தருவார்களாம். படிப்பை அஞ்சல்வழியில் முடித்துக்கொள்கிறேன் என்கிறான். அனுப்பினால் எங்கே போய்ச் சேருவான்?

எங்கே போய்ச் சேருவான் என்று சொல்ல நான் ஜோசியம் படிக்கவில்லை. கணக்குச் சொல்லத் தெரியும்.

உங்கள் தொழிலிலிருந்தே தொடங்குகிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் உங்கள் படகு கரையில் கிடக்கிறது. மற்ற மாதங்களிலும் நம் பக்கத்து விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள்தான் கடல். மீதி நாள் நாட்டுப்படகுக்காரர்களுடையது. அதிலும் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறினால் அந்த நாளும் போயிற்று. ஆக, ஆண்டில் எத்தனை நாள் வலை போட்டீர்கள் என்பதை வைத்துத்தான் கடனும் வட்டியும். தொடக்க ஆட்டக்காரனின் கணக்கும் இதேதான். ஒரு சீசனில் லீக் ஆட்டங்கள் பத்துப் பன்னிரண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். வடகிழக்குப் பருவமழை இரண்டைக் கொண்டுபோகும். ஒன்றில் எதிரணி அறுபது ரன்னுக்குச் சுருண்டு, இவன் 15 ஆட்டமிழக்காமல் திரும்பி வருவான். ஒன்றில் நடுவரின் கை தானாக உயரும். மிஞ்சுவது ஏழெட்டு இன்னிங்ஸ். பந்துவீச்சாளன் முதல் ஓவரில் இருபது ரன் கொடுத்தாலும் இன்னும் சில ஓவர் உண்டு, திருத்திக்கொள்ளலாம். வலை கிழிந்தால் கரையில் உட்கார்ந்து தைத்துக்கொள்கிற மாதிரி. தொடக்க ஆட்டக்காரனுக்குத் தைக்க நேரமில்லை. ஒரு பந்து, அவ்வளவுதான். அடுத்த ஞாயிறுவரை சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும்.

சின்னப்பம்பட்டி நடராஜனைச் சொல்வீர்கள். எல்லாத் தந்தையரும் சொல்கிறார்கள். சரிதான், அவரும் 2010-11இல் சென்னையின் நான்காம் டிவிஷனில் பி.எஸ்.என்.எல். அணிக்குத்தான் ஆடத் தொடங்கினார். ரஞ்சிக் கோப்பையில் ஆட 2015 ஆயிற்று. பிறகு அவர் பந்துவீசும் முறையில் சந்தேகம் எழுப்பினார்கள், அதைத் திருத்திக்கொண்டு வந்தார். இந்தியாவுக்காக இறங்கியது 2020 டிசம்பரில். பத்தாண்டு. அவர் பந்துவீச்சாளர் என்பதை மறக்க வேண்டாம். யார்க்கர், அதாவது காலடியில் விழுகிற பந்து, போடத் தெரிந்தவனை நான்கு பந்தில் கண்டுபிடித்துவிடலாம். தொடக்க ஆட்டக்காரன் அப்படியில்லை. அவனைப் பார்க்க வந்த பெரிய மனிதர் டீ குடித்துவிட்டுத் திரும்புவதற்குள் அவன் கால்காப்பைக் கழற்றிக்கொண்டிருப்பான்.

சென்னையின் முதல் டிவிஷன் லீக், பாளையம்பட்டி ராஜா கேடயத்துக்காக ஆடப்படுவது. (அருப்புக்கோட்டையை ஒட்டிய பாளையம்பட்டிதான். 1985 வரை அதுவும் நம் ராமநாதபுரம் மாவட்டம். இதில் எனக்கு ஓர் அற்பப் பெருமை.) 2019-20 சீசனில் அந்தக் கேடயப் போட்டியில் ஆழ்வார்பேட்டை அணிக்காக 635 ரன் குவித்த பையன்தான், பின்னாளில் இந்தியாவுக்கு ஆடிய சாய் சுதர்சன். 2021இல் டி.என்.பி.எல். (தமிழ்நாடு பிரீமியர் லீக்) போட்டியில் அவருடைய முதல் ஆட்டத்திலேயே 43 பந்தில் 87. அவர் சென்னைப் பிள்ளை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆட்டம் முடிந்தால் வீட்டுச் சோறு. உங்கள் மகனுக்கு மெஸ் சாப்பாடு, துணி துவைத்தல், வலைப்பயிற்சிக்குப் போக இரண்டு பஸ். அந்தச் செலவு ரூபாயில் மட்டும் வராது.

என் கதையையும் கேட்டுக்கொள்ளுங்கள். 1986இல் இதே மண்டபத்தில் மீட்டர் கேஜ் ரயில் ஏறினேன். எனக்கு 21 வயது. கிளப்பின் பெயர் வேண்டாம். மூன்று ஆட்டத்தில் முதலில் இறக்கினார்கள்: 0, 11, 4. நான்காவது ஆட்டத்துக்கு, பொறுப்பில் இருந்த ஒருவரின் தங்கை மகன் புதுக் கால்காப்போடு வந்து சேர்ந்தான். நான் எட்டாவது இடத்துக்கு இறங்கினேன். அடுத்த ஆட்டத்தில் தண்ணீர் வாளி தூக்கினேன். பொங்கலுக்கு ஊர் வந்தவன் திரும்பிப் போகவில்லை. அந்தப் பையன்மேல் எனக்குக் கோபமில்லை, நன்றாகத்தான் ஆடினான். உனக்கு எத்தனை இன்னிங்ஸ் தருவோம் என்று யாரும் எனக்கு முன்கூட்டியே சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அந்த வருத்தம் மட்டும் இன்னும் போகவில்லை.

ஆகையால் நீங்கள் கேளுங்கள். முதலில் இறக்குவார்களா, அல்லது பதினோராவது ஆள் வராத நாளுக்கு ஆள் சேர்க்கிறார்களா? பதிவுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டால் இங்கே மாவட்டத்துக்கு ஆடுவதில் சிக்கல் வருமா? தங்க இடம் என்பது அறையா, பத்துப் பேர் படுக்கிற கூடமா? சேது எக்ஸ்பிரஸில் இரவு ஏறினால் காலையில் சென்னை. நேரில் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

என் அபிப்பிராயம் இது. மூன்றாம் ஆண்டை இங்கேயே முடிக்கட்டும். 19 வயதுக்குட்பட்டோருக்கான கூச் பிஹார் கோப்பைக்கு வயது தாண்டிவிட்டது, இனி அவசரம் எதற்கு? அடுத்த வாசல் 23 வயதுக்குட்பட்டோருக்கான சி.கே. நாயுடு கோப்பை. அதற்குக் காலம் இருக்கிறது. நான்காம் டிவிஷன் அடுத்த ஆண்டும் அங்கேயேதான் இருக்கும். பட்டம் வாங்கியதும் அனுப்புங்கள், இரண்டு சீசன் என்று இருவரும் பேசி முடிவு செய்துகொண்டு. மாதா மாதம் 'என்ன ஆயிற்று' என்று போனில் கேட்காமல் இருப்பது உங்கள் பொறுப்பு.

இன்னொன்று. சதத்தைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள், மகிழ்ச்சி. அதற்கடுத்த ஆட்டங்களில் எவ்வளவு எடுத்தான் என்று எழுதவில்லை. கேட்டுப் பாருங்கள். கோபப்படாமல் கேளுங்கள்.

கீழக்கரை: டென்னிஸ் பந்து டோர்னமெண்டில் ஆடினால் கார்க் பந்து ஆட்டம் கெட்டுவிடும் என்கிறார்களே?

கெடும் என்று நான் சொன்னால் மட்டும் விட்டுவிடப் போகிறீர்களா? தடைக்காலத்தில் கடலோர ஊர்களில் விளக்குக் கம்பம் நட்டு நடக்கிற ஆட்டம், ஊரே பாய் விரித்து உட்கார்ந்து பார்க்கிறது, பரிசுப் பணம் வேறு. போகாதே என்று சொல்ல எனக்கே மனம் வராது.

எடையைப் பாருங்கள். டென்னிஸ் பந்து அறுபது கிராமுக்கும் குறைவு. கிரிக்கெட் பந்து 156 முதல் 163 கிராம்வரை. டென்னிஸ் பந்து எழும்பி, கொஞ்சம் நின்று, அடி என்று முகத்தைக் காட்டும். கையை உடம்பிலிருந்து தள்ளி வீசினாலும் எல்லையைத் தாண்டிவிடும். அதே வீச்சைப் புது கார்க் பந்திடம் காட்டினால் விளிம்பில் பட்டு ஸ்லிப்புக்குப் போகும். பந்துவீச்சாளருக்கும் ஐந்தாறாவதாக இறங்குபவருக்கும் இதில் பெரிய நட்டமில்லை. முதலில் இறங்குபவன்தான் மாட்டிக்கொள்கிறான். லீக் ஆட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே டென்னிஸ் பந்தை மூட்டை கட்டிவிடுங்கள். கை தன் இடத்துக்குத் திரும்ப அவ்வளவு நாள் வேண்டும்.

தேவிபட்டினம்: நம் ஊர்க் காற்றையும் தேங்காய் நார் விரிப்பையும் வைத்துக்கொண்டு தொடக்க ஆட்டம் கற்றுக்கொள்ள முடியுமா? சென்னைப் பையன்களுக்குப் புல்தரை இருக்கிறது.

காற்றைக் குறை சொல்லாதீர்கள், அது நமக்கு வாத்தியார். கச்சான் (மேற்குக் காற்று) அடிக்கிற மாதங்களில் ஒரு பக்கமிருந்து வீசுகிற பந்து கைக்கு வருகிற நேரத்தில் இடம் மாறும். வாடை தொடங்கினால் அதே மைதானம் வேறு மைதானம். சுண்டு விரலை நனைத்துக் காற்றுப் பார்க்கத் தெரிந்த வீட்டுப் பிள்ளைகள் நாம். ஆனால் டாஸ் போடுகிறபோது எந்தப் பையனும் மேலே பார்ப்பதில்லை, கைப்பேசியைப் பார்க்கிறான். எந்தப் பக்கத்திலிருந்து எவன் வீசப்போகிறான், காற்று அவனுக்கு உதவியா எதிரா என்று தெரியாமல் ஸ்டம்புக்கு முன்னால் போய் நிற்பவன் பாதி அவுட்.

விரிப்புக்கு வருகிறேன். ஆட்டத்துக்கு முன் வெறுங்காலோடு அதன்மேல் ஒரு முறை நடந்து பாருங்கள். நன்றாக இழுத்து ஆணி அடித்திருந்தால் பந்து வேகமாக, உயரமாக வரும். தொய்வாக இருந்தால் பிடித்துத் திரும்பும். எங்கே தொய்வு என்று காலுக்குத் தெரிந்துவிடும். மணலும் செம்மண்ணும் கலந்த தரையில் ஆணி ஓவருக்கு ஓவர் இளகும். ஆட்டம் நடுவிலேயே அடிக்கச் சொல்லிக் கேட்கலாம், வெட்கப்பட வேண்டாம்.

இந்த விரிப்பில் வளர்ந்தவன் மார்பளவு வருகிற பந்தைப் பின்காலில் நின்று வெட்டுவான், மடக்கி அடிப்பான், பார்க்க அழகாக இருக்கும். அவனைச் சென்னையில் மண் ஆடுகளத்தில் இறக்கினால் பந்து முழங்காலுக்குக் கீழே ஊர்ந்து வரும். பின்காலில் நின்றபடியே எல்.பி.டபிள்யூ. முன்காலை நீட்டி ஆட இங்கேயே வலையில் பழக வேண்டும், தாழ்வாக வீசச் சொல்லி. காலணியும் வேறு. விரிப்புக்கு ரப்பர் அடி, புல்தரைக்கு முள். மேலே சொன்னேனே 11 ரன், அது எப்படிப் போனது தெரியுமா? ரப்பர் காலணியோடு பனி ஈரப் புல்லில் திரும்பி ஓடப் பார்த்தேன். நான் திரும்பவில்லை, கால் மட்டும் திரும்பியது. ரன் அவுட்.

ராமேசுவரம்: என் மகளுக்குப் பதினான்கு வயது. முதலில்தான் இறங்குவேன் என்று அடம் பிடிக்கிறாள். பையன்களோடு ஆடவிடலாமா?

தாராளமாக. உலகக் கோப்பையில் சதம் அடித்த முதல் இந்தியப் பெண், முதலில் இறங்கி ஆடிய சென்னைக்காரி திருஷ் காமினி. ஆண்டு 2013. பக்கத்தில் மதுரையின் ஜி. கமலினியைப் பாருங்கள்: மகளிர் பிரீமியர் லீக் ஏலத்தில் மும்பை அணி அவரை ஒரு கோடியே அறுபது லட்சத்துக்கு எடுத்தபோது வயது 16. அடுத்த சில வாரங்களில் 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை அரையிறுதியில் இங்கிலாந்துக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 56. தலைக்கவசம் மட்டும் அளவானதாக வாங்குங்கள். அண்ணனுடையது ஆடும்.

பெரியபட்டினம்: தொடக்க ஆட்டக்காரனுக்கு என்ன விலையில் மட்டை வாங்க வேண்டும்?

பனைமட்டையில் ஆடி வளர்ந்தவனிடம் கேட்கிறீர்கள். மாவட்ட லீகுக்குக் காஷ்மீர் வில்லோ மரத்து மட்டை போதும். எடை குறைவாகப் பாருங்கள். தடித்த விளிம்பு என்று கடைக்காரர் ஆசை காட்டுவார். விளிம்பு நான்கு சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்பது 2017 முதல் விதி. வாங்கியதும் ஆளிவிதை எண்ணெயை மெல்லியதாகத் தடவி, சில நாள் மரச் சுத்தியலால் பொறுமையாகத் தட்டுங்கள். தட்டாமல் முதல் நாளே புதுப் பந்தை அடித்துவிட்டு, மட்டை வெடித்துவிட்டது என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறவர்கள் நம் ஊரில் அதிகம்.

தொண்டி: ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிறீர்களே, உங்களுடைய அதிகபட்ச ஸ்கோர் என்ன?

87. சதம் அடித்ததே இல்லை. அந்த 87இல் நின்றபோது நான் அடித்த பந்து சீமைக் கருவேலம் புதருக்குள் போயிற்று. மைதானத்தில் இருந்த ஒரே பந்து அது. இரண்டு அணியும் சேர்ந்து அரை மணி நேரம் முள்ளில் தேடியது. கிடைக்காமல், சைக்கிளில் ஆள் அனுப்பி டவுனிலிருந்து வேறு பந்து வாங்கி வந்தார்கள். பளபளவென்று புதுசு. முதல் பந்தே நடு ஸ்டம்பைக் கொண்டுபோனது. மறுநாள் ஆடு மேய்க்கும் அம்மா ஒருத்தர் பழைய பந்தைப் பள்ளிக்கே கொண்டுவந்து கொடுத்தார். இன்னும் வைத்திருக்கிறேன்.

மண்டபத்திலிருந்து ஒரு தம்பி: வாத்தியார் அய்யா, போன சீசனில் ஒரு சதம் அடித்தேன். அதற்குப் பிறகு 4, 0, 13, 0, 7, 2. பெரும்பாலும் கீப்பர் கையில், இல்லையென்றால் ஸ்லிப்பில். ஐந்தாவதாக இறங்கு என்கிறார் கேப்டன். வீட்டில் இதைச் சொல்லவில்லை. சென்னைக்குப் போய் ஆடினால் சரியாகிவிடும் என்று தோன்றுகிறது. சரியா?

சரியில்லை, தம்பி. ஆஃப் ஸ்டம்புக்கு (மூன்றில் உன் காலுக்கு எதிர்ப்பக்கம் இருப்பது) வெளியே போகிற பந்து சென்னையிலும் இருக்கிறது. அங்கே கொஞ்சம் வேகமாகப் போகும்.

ஆறு ஆட்டத்தில் 26 ரன் என்று எழுதியிருக்கிறாய். எத்தனை பந்து ஆடினாய் என்று எழுதவில்லை. ஸ்கோர் நோட்டை வாங்கிப் பார், ரன் இல்லாத பந்துக்கு வைத்த புள்ளிகளை எண்ணு. என் ஊகம், அந்த இரண்டு பூஜ்யமும் சேர்ந்து ஐந்து பந்து தாண்டியிருக்காது. நடந்தது இதுதான் என்று நினைக்கிறேன். சதம் முடிந்த நேரத்தில் பந்து பழசு, வீசியவன் களைத்துவிட்டான், நீ தொட்டதெல்லாம் எல்லைக்கு ஓடியது. அடுத்த ஞாயிறு நீ அந்த இடத்திலிருந்தே தொடங்கப் பார்த்தாய். பந்து புதுசு, வீசுகிறவன் காலையில் இட்லி சாப்பிட்டுவிட்டு வந்தவன். அவனுக்கு உன் சதத்தைப் பற்றி என்ன கவலை? எனக்கும் இது நடந்திருக்கிறது, சதம் இல்லாமலே.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். வலையில் ஆஃப் ஸ்டம்பை மட்டும் நடு, மற்ற இரண்டையும் பிடுங்கிவிடு. நண்பனை அறுபது பந்து வீசச் சொல். ஸ்டம்புக்கு வெளியே போகிற பந்தை மட்டையை உள்ளே இழுத்துக்கொண்டு போகவிட்டால் உனக்கு ஒரு ரன். துரத்திப் போய்த் தொட்டால், எல்லைக்கு ஓடினாலும், இரண்டு ரன் கழிவு. விட்ட பந்து ஸ்டம்பில் பட்டால் பத்துக் கழிவு. முதல் நாள் உன் ஸ்கோர் சுழிக்குக் கீழே போகும். பள்ளியில் என் பையன்கள் யாரும் முதல் வாரத்தில் இருபதைத் தொட்டதில்லை. உன் ஆஃப் ஸ்டம்ப் எங்கே இருக்கிறது என்று கண் திருப்பாமல் தெரிகிறவரை இதையே செய்.

2014 ஜூலையில் இங்கிலாந்தின் நாட்டிங்காமில் நம் தொடக்க ஆட்டக்காரர் முரளி விஜய் டெஸ்டில் ஆடியதைத் தேடிப் பிடித்துப் பார். 146 ரன், 361 பந்து. பவுண்டரிகளைத் தாண்டித் தாண்டி, அவர் விட்ட பந்துகளை மட்டும் பார். நான் இரண்டு முறை அப்படிப் பார்த்தேன். என் மனைவி, ஒன்றுமே நடக்கவில்லையே என்றாள். அவ்வளவு அழகாக ஒன்றும் நடக்காமல் பார்த்துக்கொண்டார்.

பூஜ்யத்துக்கு அழாதே. டெஸ்ட் ஆட்டத்தின் முதல் பந்திலேயே மூன்று முறை அவுட் ஆனவர் சுனில் கவாஸ்கர். சாய் சுதர்சனுக்கும் 2025 ஜூனில் ஹெடிங்லியில் முதல் டெஸ்டின் முதல் இன்னிங்ஸ் பூஜ்யம்தான். இரண்டாவதில் 30. பெரிய ரன் இல்லை, ஆனால் மறுபடியும் போய் நின்றார்.

கேப்டன் விஷயம். ஐந்தாவது இடத்துக்குப் போகாதே. முப்பது ஓவர் ஆட்டத்தில் ஐந்தாவதாக இறங்குபவனுக்குக் கிடைப்பது கடைசிச் சில ஓவர். அங்கே கண்ணை மூடிச் சுழற்றினால்தான் பேர். உன்னிடம் இருக்கிற நோய்க்கு அதைவிடக் கெட்ட மருந்து கிடையாது. கேப்டனிடம் நேராகப் போய்ச் சொல்: அண்ணே, மூன்று ஆட்டம் கொடுங்கள், ரன் கேட்காதீர்கள், பத்து ஓவர் நிற்கிறேன். மூன்றிலும் நிற்காவிட்டால் நீங்கள் சொன்ன இடத்தில் இறங்குகிறேன். நல்ல கேப்டன் என்றால் ஒப்புக்கொள்வார். ஒப்புக்கொள்ளாவிட்டால் ஒரு சீசன் இரண்டாவது அணிக்கு ஆடு, அங்கே முதலில் இறங்கு.

ஞாயிறு மாலை ஆட்டம் முடிந்ததும் வீட்டில் ஸ்கோரைச் சொல்லிப் பழகு, பூஜ்யமானாலும். வெறும் வலையோடு கரை திரும்பிய நாள் எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்கள் நிறைந்த ஊர் நம்முடையது. திட்டினாலும் புரிந்துகொண்டுதான் திட்டுவார்கள்.

சனிக்கிழமை காலை ஆறரைக்கு நான் வழக்கமாக நிற்கிற மைதானம் உனக்குத் தெரிந்திருக்கும். ஒரே ஒரு ஸ்டம்ப் எடுத்துக்கொண்டு வா. வருவதற்கு முன் இந்தப் பக்கத்தின் முதல் கேள்வியை ஒரு முறை படித்துவிடு. யார் எழுதியது என்று என்னிடம் கேட்காதே. நானும் உன் வீட்டுப் படகின் பெயரைக் கேட்கமாட்டேன்.